ஏர் பெட் வாங்கிய பிறகும் மாமியாரின் முதுகில் கறுப்பு ஏன்?

கேள்வி: சிஸ்டர், எங்கள் வீடு கருங்கல் பக்கம். மாமியாருக்கு 78 வயது. நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. சுகரும் உண்டு. பேசினால் புரிகிறது; ஆனால் தானாகப் புரண்டு படுக்க முடியாது. காலையில் ஒரு தடவை நாற்காலியில் உட்கார வைப்போம். வீட்டுக்காரர் குவைத்தில். நானும் பிளஸ் டூ படிக்கிற மகனும்தான் பார்த்துக்கொள்கிறோம். டிஸ்சார்ஜ் ஆகும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். ஏர் பெட் வாங்கிய பிறகு ராத்திரியில் திருப்புவதை விட்டுவிட்டோம். போன வாரம் உடம்பு துடைக்கும்போது பார்த்தால் வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. தோல் உரியவில்லை. மைனி வந்து பார்த்துவிட்டு, எண்ணெய் போட்டு நன்றாகத் தேய், பவுடர் போடு, டியூப் வாங்கி அடியில் வை என்கிறார். "படுக்கைப் புண் வந்தால் பார்க்கிறவளைத்தான் ஊர் குறை சொல்லும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி நான்கு தடவை அலாரம் வைத்து எழுந்தால் எனக்குப் பகலில் வேலை ஓடாது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கறுப்பு. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

இன்றிலிருந்து மாமியாரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம், அவ்வளவுதான். அந்த இடத்தில் உடம்பின் பாரம் விழவே கூடாது. சாப்பாட்டுக்கும் நாற்காலியிலும் உட்காரும் கொஞ்ச நேரம் தவிர இதற்கு விலக்கு கிடையாது.

அடுத்து, அதைச் சரியாகப் பாருங்கள். புத்தகங்களில் "சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள், வெளுத்துத் திரும்பினால் பயமில்லை, சிவப்பு மாறாமல் நின்றால் அதுதான் முதல் கட்டம்" என்று இருக்கும். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியது அது. நம் நிறத்துக்குச் சிவப்பு கண்ணில் படாது. கறுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், பல சமயம் ஒன்றுமே தெரியாது. அதனால் கண்ணைவிடக் கையை நம்புங்கள். பகல் வெளிச்சத்தில், புறங்கையை அந்தக் கறுப்பின் மேலும் அதற்கு நான்கு விரல் தள்ளியும் மாறி மாறி வையுங்கள். அந்த இடம் மட்டும் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா? தொட்டால் கட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா? மாமியாரிடமே வலிக்கிறதா, எரிகிறதா என்று கேளுங்கள். எலும்புக்கு நேர் மேலே, ஓரம் தெரிகிற மாதிரி இருந்தால் அழுத்தத்தால் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பிட்டத்தின் இடுக்கில் பரவலாக, ஈரத்தில் ஊறிய மாதிரி இருந்தால் மூத்திர ஈரத்தால் வந்த புண்ணாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரும்.

ஒரு பயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த இடம் அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி ஊதா நிறமாக இருந்தால், அல்லது இரத்தம் கோத்த கொப்புளம் இருந்தால், அடியில் சதை ஏற்கெனவே கெட்டிருக்கலாம். மேல்தோல் முழுசாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. எவ்வளவு நன்றாகப் பார்த்தாலும் சில நாளில் அது உடையக்கூடும். அப்படி இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

தேய்க்கவே கூடாது. மைனி சொன்னதில் ஆபத்தானது இதுதான். அந்த இடத்தில் சின்ன இரத்தக் குழாய்கள் நசுங்கிப்போய்க் கிடக்கின்றன. தேய்த்தால் அவை கிழியும். 2014-இலும் 2019-இலும் வந்த சர்வதேச வழிகாட்டுதல்களும் புண் வரும் அபாயமுள்ள தோலைத் தேய்க்க வேண்டாம் என்கின்றன. தேங்காய் எண்ணெய் மேல் எனக்குக் கோபம் இல்லை. வறண்ட கால்களில், கைகளில் மெதுவாகத் தடவலாம், தோலுக்கு நல்லதுதான். நம் மாவட்டத்தில் பக்கவாதம் என்றாலே ஆசானை, அதாவது வர்ம வைத்தியரைக் கூப்பிட்டு எண்ணெய் போடுவது வழக்கம். உங்கள் வீட்டுக்கும் ஆசான் வருகிறார் என்றால் அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: இடுப்பு எலும்பு, குதிகால் பக்கம் தேய்க்க வேண்டாம், இடப்பக்கத்தில் சூடான எண்ணெயோ கிழியோ (மருந்து கட்டிய சூட்டுப் பொட்டலம்) வைக்க வேண்டாம். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் தோல் வெந்தாலும் மாமியாருக்குத் தெரியாது.

டியூபும் வேண்டாம். வட்டமாக நடுவில் ஓட்டை இருப்பதால் புண் மேல் அழுத்தம் படாது என்று தோன்றும். ஆனால் அந்த வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவில் உள்ள சதைக்கு வரும் இரத்தத்தை நிறுத்திவிடும். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறை வைப்பதும் இதே கதைதான். அந்தச் சிறிய பை பாரத்தைப் பரப்பாது. பவுடர் ஈரத்தில் கட்டி கட்டியாகிப் பிட்டத்து இடுக்கில் உரசும். சரி, மைனிக்கு இவ்வளவு போதும்.

இனி ஏர் பெட். அதை வாங்கியது வீண் இல்லை. ஆனால் அது திருப்பிப் போடுவதற்குப் பதில் இல்லை, கூட நிற்கிற துணை. இங்கிலாந்தில் 2000-க்கும் அதிகமான நோயாளிகளை வைத்து, மோட்டாரில் காற்று ஏறி இறங்கும் மெத்தையையும் உயர்தர ஃபோம் மெத்தையையும் ஒப்பிட்டு 2019-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அங்கே இரண்டு பக்கத்து நோயாளிகளையும் நர்சுகள் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய குமிழ்விரிப்பு. ஆஸ்பத்திரி மெத்தையோடு சேர்த்துப் பேசக்கூடியது அல்ல.

அது வேலை செய்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம். மாமியார் படுத்திருக்கும்போது, காற்றுவிரிப்புக்கும் கீழே உள்ள மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை மேல் நோக்கி விட்டு, இடுப்பு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே கொண்டுபோங்கள். இடுப்பெலும்புக்கும் உங்கள் கைக்கும் இடையே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை அவரைத் தாங்கவில்லை என்று அர்த்தம். மோட்டாரில் எடைக்குத் தகுந்தபடி திருகும் குமிழ் இருக்கும், அதைச் சரிசெய்யுங்கள். வெறும் கட்டில் பலகை மேல் விரிக்காமல் ஒரு மெத்தை மேல் விரியுங்கள். மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு போதும். பல வீடுகளில் ஏர் பெட் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் இரண்டு போர்வை, அதற்கும் மேல் டயப்பர் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். அத்தனையும் சேர்ந்தால் காற்று என்ன செய்யும்? சூடும் வியர்வையும்தான் மிச்சம்.

கரண்ட் போனால் சில விரிப்புகள் கொஞ்ச நேரத்திலேயே தட்டையாகிவிடும். நம் ஊரில் இரண்டு பருவமழையும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளுக்கு ஒரு நல்ல ஃபோம் மெத்தை அடியில் இருப்பது நல்லது. கரண்ட் இல்லாத நேரத்தில் திருப்புவதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ராத்திரித் தூக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். இரண்டு மணி நேரம் என்பது ஆஸ்பத்திரிகளில் வழிவழியாக வந்த கணக்கு. நல்ல தொடக்கம்தான், ஆனால் கல்லில் வெட்டியது அல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்த 942 பேரிடம் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வு 2013-இல் வந்தது. எல்லோரும் புண் வரும் அபாயம் உள்ளவர்கள். சிலரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, சிலரை 3, சிலரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மூன்று வாரம் திருப்பினார்கள். புண் வந்த எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் அடர்த்தியான நல்ல ஃபோம் மெத்தையில் படுத்திருந்தார்கள், தொடங்கும்போது யாருக்கும் புண் இல்லை. இது இரண்டையும் விட்டுவிட்டு "நான்கு மணி நேரம் போதும்" என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாமியாருக்கு இப்போது ஒரு அடையாளம் வந்துவிட்டது. அதனால் பகலில் இரண்டு மணி நேரத்தை விட வேண்டாம். ராத்திரிக்கு இப்படிச் செய்து பாருங்கள். 10 மணிக்கு இடப்பக்கம். மகன் படித்துவிட்டு 12 மணிக்குப் படுக்கப் போகும்போது வலப்பக்கம். 3 மணிக்கு நீங்கள் ஒருமுறை எழுந்து இடப்பக்கம். 5 மணிக்கு எழும்பும்போது மறுபடி வலப்பக்கம். உங்களுக்கு இடையில் ஒரே ஒரு முழிப்புதான். விழுந்த பக்கத்துக்கு இரண்டு மணி நேரமும் நல்ல பக்கத்துக்கு மூன்று மணி நேரமும் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் அழுத்தினால் அவருக்குத் தெரியாது என்பதால்தான். ஒவ்வொரு முறை திருப்பும்போதும், இவ்வளவு நேரம் கீழே இருந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்து, தொட்டுப் பாருங்கள். புதிதாக ஏதாவது நிறம் மாறி, அரைமணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் அந்தப் பக்கத்துக்கு நேரத்தைக் குறையுங்கள். கறுப்பு முழுசாக மறைந்து, ஒரு வாரம் எங்கும் புதிய அடையாளம் இல்லை என்றால், ராத்திரி இடைவெளியை மெதுவாக நீட்டலாம். கடிகாரத்தைவிடத் தோல் சொல்வதைக் கேட்பதுதான் இதில் முக்கியம்.

திருப்புவது எப்படி என்பதிலும் விஷயம் இருக்கிறது. முழுசாக ஒருக்களித்துச் சுவரைப் பார்க்க வைத்தால் பாரமெல்லாம் இடுப்பின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் தொடை எலும்பின் மேல் இறங்கும். அங்கே அடுத்த புண். முப்பது டிகிரி சாய்வு போதும். ஒரு தலையணையை நீளவாக்கில் முதுகுக்குப் பின்னால் தோளிலிருந்து இடுப்புவரை செருகுங்கள். வால் எலும்புக்குக் கீழே உங்கள் கை தடையில்லாமல் போக வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே இன்னொரு தலையணை. கெண்டைக்கால் முழுவதையும் ஒரு தலையணை மேல் வைத்துக் குதிகால்கள் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். சுகர் உள்ளவருக்குக் குதிகால்தான் அடுத்த ஆபத்து. இடப்பக்கம் படுக்கும்போது தோள் உடம்புக்கு அடியில் மாட்டாமல் கொஞ்சம் முன்னால் எடுத்து விடுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் திருப்பவே கூடாது, தோள் மூட்டு நழுவும்.

படுக்கையில் மேலே ஏற்றும்போது அக்குளில் கைவிட்டு இழுப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிறது. தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் மேலே போகும். நடுவில் உள்ள இரத்தக் குழாய்கள் மடங்கிய தோட்டத்துக் குழாய் மாதிரி அடைத்துக்கொள்ளும். பழைய சாரம் (கைலி) ஒன்றை இரண்டாக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து வையுங்கள். நீங்கள் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். இழுக்காமல் தூக்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தாலும் உடம்பு வழுக்கிக் கீழே வரும். சாப்பாட்டு நேரம் தவிர முப்பது டிகிரிக்கு மேல் வேண்டாம். ஆனால் பக்கவாதம் வந்தவருக்குப் படுத்தபடி ஊட்டுவதும் ஆபத்து, சாப்பாடு மூச்சுக்குழாயில் போகும். அதனால் முதலில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டு, அப்புறம் நன்றாக நிமிர்த்தி உட்கார வையுங்கள். சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து இறக்கிச் சாய்த்துவிடலாம்.

நாற்காலியில் உட்கார வைப்பதை விடாதீர்கள். ஆனால் கறுப்பு போகும்வரை ஒரு தடவைக்கு அரைமணி, முக்கால் மணி நேரத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். நடு தொய்ந்த பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கெட்டியான ஃபோம் குஷன், கால் தரையில் பதியும் உயரம், அது போதும்.

புண் வரும் அபாயத்தை அளக்க நர்சுகள் பயன்படுத்தும் ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. பார்பரா பிரேடனும் மேலே சொன்ன அதே பெர்க்ஸ்ட்ராமும் சேர்ந்து 1987-இல் வெளியிட்டது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், புரளும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயத்துக்கு மார்க் போட்டுக் கூட்ட வேண்டும். 23 வந்தால் கவலையில்லை, 18-க்கு வந்துவிட்டாலே கவனம், 12-உம் கீழேயும் அதிக ஆபத்து. நீங்கள் எழுதியதை வைத்து, நேரில் பார்க்காமல் உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன்: 12 வருகிறது. பக்கவாதத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் ஈரம், சாப்பாடு, உராய்வு மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன.

ஈரத்துக்கு: டயப்பர் கட்டாயமில்லாத நேரத்தில் கட்ட வேண்டாம். பகலில் வீட்டில் இருக்கும்போது திறந்து விட்டு, அடியில் ஈரம் உறிஞ்சும் பேட் ஒன்று மட்டும் போடுங்கள். சாப்பிட்ட பிறகும் தூங்கி எழுந்ததும் பெட்பான் வைத்துப் பழக்குங்கள். வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், அந்த விளிம்பே புண்ணாக்கும். நனைந்தால் உடனே வெறும் தண்ணீரால், தேவையென்றால் மென்மையான சோப்பால் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். டெட்டாலும் ஸ்பிரிட்டும் வேண்டாம். அப்புறம் மெல்லிசாக ஜிங்க் ஆக்சைடு கிரீம்.

சாப்பாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படுத்திருப்பவருக்குக் கஞ்சி மட்டும் போதும் என்று நம் வீடுகளில் ஒரு எண்ணம். கஞ்சித் தண்ணீரில் வயிறு நிறையும், சதை வளராது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) அப்படித்தான், 100 கிராமுக்குப் புரதம் ஒன்று, ஒன்றரை கிராம்தான். புண் வரும் ஆபத்தில் இருக்கிற, சாப்பாடு குறைந்துபோன முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது வழிகாட்டுதல். 55 கிலோ இருப்பவருக்கு ஏறக்குறைய 70 முதல் 80 கிராம். இரண்டு முட்டையில் 12, கழுவி எடுத்த சாளை மீன் 100 கிராமில் சுமார் 20, இரண்டு தம்ளர் பாலில் 13, ஒரு கப் வெந்த பயறில் 14, சோற்றிலிருந்து ஒரு பத்து. இவ்வளவும் போனால்தான் 70-ஐத் தொடுகிறது. கஞ்சி கொடுக்கிறீர்கள் என்றால் கெட்டியாக வைத்துப் பயறை அதிலேயே மசித்துப் போடுங்கள். மீனில் முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்து, மசித்து, குழம்போடு பிசைந்து ஊட்டுங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ விழுங்குவதில் கோளாறு இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தப் புரதக் கணக்கு பொருந்தாது, கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும். சுகரை வாரம் ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

மைனி சொன்ன கடைசி வார்த்தைக்கும் பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலான படுக்கைப் புண்களைத் தடுக்கலாம் என்பது உண்மை. எல்லாவற்றையும் தடுக்க முடியாது என்பதும் உண்மை. உடம்பு ரொம்பத் தளர்ந்தவர்களுக்கு நல்ல ஆஸ்பத்திரியிலும் வரத்தான் செய்கிறது. கருங்கல்லில் ஒரு வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு பள்ளிக்கூடப் பையனும் நான்கு மாதம் தோல் உரியாமல் பார்த்திருக்கிறீர்கள். மைனி அடுத்த தடவை வரும்போது ஒரு ராத்திரி தங்கி 3 மணி முறையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். குவைத்திலிருந்து கூடுதல் பணம் வந்தால் இன்னொரு மெத்தை வேண்டாம். வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு ஆள் வைக்கப் பாருங்கள்.

அரசு உதவியும் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104-க்கு அடியுங்கள்.

மூன்று நாள் அந்த இடத்தில் பாரமே படாமல் வைத்தும் கறுப்பு குறையவில்லை என்றால், அல்லது அதற்கு முன்பே தோல் உடைந்தால், கொப்புளம் வந்தால், நாற்றமோ சீழோ தெரிந்தால், காய்ச்சலோ திடீர்க் குழப்பமோ வந்தால் காத்திருக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். மூன்று நாளும் ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு எளிது. இரண்டு தலையணையும் அந்தச் சாரத்தையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸிலும், ஓ.பி. வாசலில் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கும்போதும் அவரைச் சாய்த்தே வையுங்கள். அங்கே மல்லாக்கக் கிடக்கும் ஒரு மணி நேரமும் கணக்கில் சேரும்.